செட்டில் என்ற சொல்லுக்குள் ஒரு நாற்காலி

முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். இருந்தாலும் ஆங்கில வினைச்சொற்களை நான் முழுசாக நம்பியதில்லை. ‘ஸ்னீஸ்’ என்றால் தும்முவது, அதோடு முடிந்தது. அந்த மாதிரிச் சொற்களோடு எனக்கு வம்பு கிடையாது. எல்லார் வாயிலும் புழங்குகிற, எந்த இடத்தில் வைத்தாலும் ஒட்டிக்கொள்கிற சொற்கள்தான் எனக்கு ஆகாது. அவற்றில் முதல் கேடி ‘செட்டில்’.

இன்றைக்குத் தஞ்சாவூரில் அது தமிழாகவே ஆகிவிட்டது. ‘பையன் துபாய்ல செட்டில் ஆயிட்டான்’ என்கிறார்கள். ‘பொண்ணை செட்டில் பண்ணிட்டோம், இனிமே கவலையில்லை’ என்கிறார்கள். அண்ணன் தம்பி பாகத் தகராறு ஓய்ந்தால், ‘எல்லாம் செட்டில் ஆயிடுச்சு’ என்று சொல்லிக் காபி கொடுக்கிறார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு, ‘யாருக்கு?’ என்று கேட்பேன். கேட்டதற்காகவே இரண்டு வீடுகளிலிருந்து எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுபோனது.

என்னிடம் ஒரு தடித்த அகராதி இருக்கிறது. அட்டை போய், சணல் கயிற்றால் கட்டி வைத்திருப்பது. அதில் இந்த ஒரு வினைக்குக் கிட்டத்தட்ட ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பறவை வந்து கிளையில் அமர்வது ‘செட்டில்’. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறுவது ‘செட்டில்’. கலங்கிய நீரில் வண்டல் அடியில் படிவதும் அதுதான். ஆடியில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் என் அம்மா குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் சேறு கீழே போய்த் தண்ணீர் தெளிந்து நிற்கும். இந்த அர்த்தத்தை மட்டும் நான் நம்புகிறேன், கண்ணால் பார்த்ததால். கட்டிய வீடு மண்ணுக்குள் லேசாக இறங்குவதற்கும் அதே சொல். சுவரில் விரிசல் விழுந்த பிறகுதான் அது நமக்குத் தெரியும். வழக்கை முடிப்பது, மனசு அடங்குவது, கேட்டது கிடைக்காமல் கிடைத்ததோடு திருப்திப்பட்டுக்கொள்வது, எல்லாம் இதன் தலையில்தான்.

அதே பொருள் தரும் மற்றச் சொற்களின் பட்டியல் இன்னும் மோசம். ‘அக்ரீ’ இருக்கிறது, ஒத்துக்கொள்வது. ‘டிசைட்’, தீர்மானிப்பது. ‘ரிசால்வ்’, சிக்கலை அவிழ்ப்பது. கொஞ்சம் தள்ளி ‘சிங்க்’, மூழ்கிப்போவது. ஒத்துக்கொள்வதையும் மூழ்கிப்போவதையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுகிற சொல்லை நம்பச் சொன்னால் நான் எப்படி நம்புவேன்? பரீட்சையில் இவற்றில் எதை எழுதினாலும் மார்க் உண்டு என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன்.

அந்தச் சொல் பிறந்த கதையைத் தேடிப்போனேன். பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தாய்ச்சொல்லாக இருந்தது உட்காரும் இடத்தைக் குறித்தது, ஆசனம். குதிரைச் சேணத்துக்குச் சொல்கிற ‘சாடில்’கூட இதற்குத் தூரத்துப் பங்காளி. ஒன்றை அதன் இருக்கையில் வைப்பதுதான் முதல் அர்த்தம். சண்டையைத் தீர்ப்பது என்ற அர்த்தம் பின்னால் வந்தது. அதுவும் இதன் சொந்தச் சம்பாத்தியமாக இல்லாமல் இருக்கலாம். சமாதானத்தைக் குறித்த வேறொரு பழைய சொல் காதுக்கு இதே மாதிரி இருந்ததால் இதோடு கலந்துவிட்டிருக்கும் என்று அகராதிக்காரர்களே சந்தேகப்படுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பை வெட்டி, பக்கத்து வயலைத் தன் வயலோடு சேர்த்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். இதுவும் அந்த வேலைதான்.

உட்காரும் இடம் என்று படித்த அன்று அகராதியை மூடிக் கட்டிவிட்டேன். ஓர் இரும்பு மடக்கு நாற்காலி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். அப்பா பெரிய வீட்டு நிலத்தில் ஒன்பது மா குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அப்பாவின் அப்பா அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். அப்பா காலத்தில்தான் வாய்வார்த்தையாகக் குத்தகை கிடைத்தது. சீட்டு, ரசீது, கையெழுத்து எதுவும் கிடையாது. பிறகு ஆட்சி மாறியது. தெருமுனைக்குத் தெருமுனை மைக் கட்டித் தமிழ் முழங்கினார்கள். ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் செங்கொடி. குத்தகைக்காரன் தன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் யாரும் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு அதே வயலில் வேறு ஆள் ஏர் பூட்டுவான். அப்பா மனுப் போட்டார். எழுதிக்கொடுத்தது நான். அப்போதுதான் தஞ்சாவூரில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

மனுப் போட்ட பிறகுதான் பெரிய வீட்டில் மரியாதை முளைத்தது. அதுவரை ‘வாடா’ என்று இருந்தது ஒரே வாரத்தில் ‘வாங்க’ ஆனது. வாசல் அறையில் அப்பாவுக்கென்று ஓர் இரும்பு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார்கள்.

“உக்காருங்க, பேசி செட்டில் பண்ணிக்கலாம். நமக்குள்ள எதுக்குத் தாசில்தாரு, கோர்ட்டு கச்சேரின்னு?” என்றாராம் பெரிய வீட்டுக்காரர்.

அப்பா உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து துண்டை உதறிக்கொண்டே, “நாப்பது வருஷமா அந்த வீட்ல இல்லாத நாக்காலி, இப்ப எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார்.

“சோழியன் குடுமி சும்மா ஆடுமா?” என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பேச்சோ, கூலித் தகராறோ, பேச்சு முடிகிறவரை நம் ஆள் நிற்பான். சம்மதம் என்றால் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வான். அதற்கப்புறம் பேச்சே கிடையாது. ‘அவன் உக்காந்துட்டான்’ என்று சொன்னால், அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று தெரு முழுவதும் புரிந்துகொள்ளும். அந்த வருஷமே கீழத்தெருக்காரர் ஒருவர் பெரிய வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். மறுவாரம் அவர் வயலில் பெரிய வீட்டு மாடு உழுதது.

எனக்கு அப்போது பி.ஏ. திமிர். “நாக்காலி என்ன கடிக்குமாப்பா? உக்காந்துகிட்டே முடியாதுன்னு சொல்லுங்களேன்” என்று அப்பாவைச் சீண்டுவேன்.

“கடிக்காதும்மா. ஆனா உக்காந்தவன் வாயிலேருந்து முடியாதுங்கிற வார்த்தை வராது” என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் நானும் அதைத்தான் நம்பினேன். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்று மாசத்தில் மூன்று தடவை கூப்பிட்டு அனுப்பினார்கள். மூன்று தடவையும் அப்பா மூட்டுவலியோடு நின்றுவிட்டு வந்தார். இந்த மூன்று மாசத்தில் நான் யாரைத்தான் சந்தேகப்படவில்லை? பெரிய வீட்டுக் கணக்கு வழக்கைப் பார்க்கிற காரியக்காரரின் சைக்கிள் எங்கள் தெருவில் யார் வாசலில் நின்றாலும், அந்த வீட்டாரோடு அன்றிலிருந்து நான் பேசமாட்டேன். ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் என்னைப் பார்த்துச் சிரித்தால், ஏன் சிரித்தார் என்று இரண்டு நாள் யோசிப்பேன். அம்மாவின் தம்பி புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது, எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது என்று நான் குடைந்த குடைச்சலில் அவர் சாப்பிடாமலே போனார். நிலம் போய்விடும் என்ற பயம் எனக்கு. அதை நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சந்தேகம் அப்பாவிடமே வந்து நின்றது. ஒரு நாள் சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி, “ஆறு மா இருந்தாலும் பொழைச்சுக்கலாம்ல?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். அன்றிலிருந்து அவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். பெற்ற அப்பாவை வேவு பார்த்தேன் என்று எழுத இப்போதும் கூசுகிறது.

கார்த்திகையில், சம்பாப் பயிர் முழங்கால் உயரம் வந்திருந்தபோது, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதிகாரி வயலுக்கே வருவார். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர், இந்த வயலை இத்தனை வருஷமாக உழுவது இவர்தான் என்று சொல்ல வேண்டும். ரசீது இல்லாத எங்களுக்கு அந்த இரண்டு வாய்கள்தான் ரசீது. மேல் வயல்காரர் எனக்குச் சித்தப்பா முறை. அவரும் கீழ் வயல்காரரும் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பெரிய வீட்டுக் குத்தகைக்காரர்கள்தான். சாட்சி சொன்னால் அவர்கள் வயலுக்கும் ஆபத்து என்று தெரிந்தே ஒத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், ஒரு வேலைக்கான கடிதத்தைத் தபாலில் போடப் பெரிய தெருவுக்குப் போனேன். தபால் பெட்டி பெரிய வீட்டுக்கு எதிரில் இருந்தது. வாசல் அறைச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே என் அப்பா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து மேஜையில் காபி டம்ளர். வெற்றிலைத் தட்டு. பெரிய வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துக்குக் காகிதம் எடுக்கத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடிதத்தைப் பெட்டியில் போட்டேனா, கீழே போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. இத்தனை நாள் நின்றது எல்லாம் எங்கள் கண்ணைக் கட்டத்தானா என்று நினைத்தேன். அங்கே நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேராக மேல் வயலுக்குப் போனேன். சித்தப்பா மடையில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா உக்காந்துட்டாங்க சித்தப்பா” என்றேன்.

“எங்க?”

“பெரிய வீட்ல. நாக்காலியில. என் கண்ணால பார்த்துட்டு வர்றேன்.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். “அவரே உக்காந்துட்டாருன்னா, நாங்க எதுக்கும்மா வெயில்ல நின்னு பகையாளி ஆவணும்? கீழ் வயல்காரன்கிட்டயும் சொல்லிப்புடுறேன்” என்றார்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தார். முகத்தில் என்றும் இல்லாத ஒரு களை. அதுவும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது. “இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

“எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா ஆரம்பித்ததை நிறுத்திவிட்டார். பெரிய தெருப் பேச்சு என் காதுக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல என்று நினைத்திருப்பார். லேசாகச் சிரித்துவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

காலையில் ஜீப் வந்தது. அதிகாரி, அவர் குமாஸ்தா, கர்ணம், காரியக்காரர் எல்லாரும் வரப்பில் நின்றார்கள். அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, மேல் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. நான் அம்மாவோடு தள்ளி நின்றேன். அப்பா எதற்காக அந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஒத்துக்கொண்டவருக்கு எதற்குச் சாட்சி?

“சாட்சி எங்கய்யா? நீங்க ரெண்டு பேரும் செட்டில் பண்ணிக்கிட்டீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்லீங்க” என்றார் அப்பா. “நேத்துப் போயி முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேங்க. அவங்க உக்காரச் சொல்லலை. மடக்கி வச்சிருந்த நாக்காலிய நானே விரிச்சுப் போட்டு, உக்காந்துகிட்டுச் சொன்னேங்க. எம் பொண்ணு அப்படித்தான் சொல்லச் சொன்னுச்சு.”

காரியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அங்கே இருந்திருக்கிறார். பெரிய வீட்டுக்காரர் எழுந்தது காகிதம் எடுக்க இல்லை. தன் வீட்டில் தன் எதிரில் பண்ணையாள் மகன் உட்கார்ந்ததைத் தாங்காமல் எழுந்திருக்கிறார். காபி அவருடையது. வெற்றிலையை யாரும் தொடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்திருக்கிறது.

நான் மேல் வயல் வழியாகச் சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். சித்தப்பா காலை பஸ்ஸில் மன்னார்குடிக்குப் போயிருந்தார். கீழ் வயல்காரர் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்தபோது ஜீப்பின் சத்தம் மட்டும் ரோட்டில் கேட்டது. அதிகாரி, சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் அலைந்தோம். அப்பீல் போட்டோம். சித்தப்பா பிறகு வந்து சாட்சி சொன்னார். முதலில் வராத சாட்சி இப்போது எப்படி வந்தது என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். அதிகாரிக்கும் சந்தேகம். சந்தேகப்படுவதைப் பற்றி நான் யாரைக் குறை சொல்ல முடியும்? ஆடி மாசம், இனி முடியாது என்ற நிலையில் அப்பா இறங்கிவந்தார். ஆறு மாவை விட்டுக்கொடுப்பது, மூன்று மா அப்பா பெயரில் பதிவாவது. ‘இத்தோட செட்டில்’ என்றார் காரியக்காரர். ஆபீஸில் மனுதாரர்களுக்கு நாற்காலி கிடையாது. அப்பா நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

அன்று சாயங்காலம் அவரோடு வயலுக்குப் போனேன். இனி எங்களுடையது அல்லாத ஆறு மாவைத் தாண்டித்தான் மூன்று மாவுக்குப் போக வேண்டும். வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், “எல்லாத்துக்கும் நாந்தாம்ப்பா காரணம். நாந்தான் சித்தப்பாகிட்டப் போயிச் சொன்னேன்” என்று சொல்லி அழுதேன். எட்டு மாசம் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சோறு தின்றிருந்தேன்.

“தெரியும். சித்தப்பன் அன்னைக்கே சொல்லிட்டான்” என்றார்.

எட்டு மாசமாக அவருக்குத் தெரியும். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நான் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அவராகவே கேட்டார். “சன்னல் வழியாப் பார்த்தியாமே. நான் உக்காந்திருந்தது எப்படி இருந்துச்சு?”

விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததை எங்கள் பக்கத்து மனுஷர்களில் பார்த்தது நான் ஒருத்திதான். கண்ணை மூடி, அந்தச் சன்னலை மறுபடி திறந்து பார்த்தேன்.

“நல்லா நிமிந்து உக்காந்திருந்தீங்கப்பா.”

“கையி?”

“ரெண்டும் முழங்கால் மேல இருந்துச்சு. காலு ரெண்டும் தரையில.”

“அவரு?”

“அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு.”

அப்பா தலையை ஆட்டினார். மண்வெட்டியில் ஒட்டியிருந்த கடைசிச் சேற்றையும் கட்டைவிரலால் வழித்துத் தண்ணீரில் விட்டார்.

“அவரு நின்னதையும் சேர்த்து உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் மடையைப் பார்க்க வேண்டும் என்று முன்னால் நடந்தார்.